கம்பத்துக்கு ஊற்றிய தண்ணீர்

என் தம்பி பெண்டாட்டி மணிமேகலை சிரிக்க ஆரம்பித்தால் எரியோடு ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். கோபப்பட்டாலும் அப்படித்தான். இரண்டுக்கும் நடுவில் அவளிடம் வேறு சரக்கு கிடையாது. கல்யாணமாகி வந்த புதிதில், இந்தப் பிள்ளைக்கு வாய் காது வரைக்கும் இருக்கிறது என்று நானே ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். இப்போதும் சொல்கிறேன், பெருமையாகச் சொல்கிறேன். கடைத்தெருவில் தையல் கடை வைத்திருப்பவள் நான். ஊரில் யார் யாருக்கு ரவிக்கை என்ன அளவு, யார் வீட்டில் என்ன சண்டை என்பதெல்லாம் என் மேசைக்கு வந்துதான் போகும். அதனால் இந்தக் கதையை நான் சொல்வதுதான் முறை.

மணிமேகலைக்கு வானத்தோடு தீராத சண்டை. அய்யலூர் மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு கிளம்பும் மேகம், எங்கள் ஊர் எல்லைக்கு வந்ததும் யாரோ கூப்பிட்டதுபோல வேறு பக்கம் போய்விடும். இவள் வரப்பில் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டு, "எங்கிட்டுடி போற? இம்புட்டுத் தூரம் வந்தவளுக்கு இங்கன ஒரு எட்டு வரத் தெரியாதா?" என்று மேகத்தைப் பார்த்துச் சத்தம் போடுவாள். ரோட்டில் போகிறவர்கள் தங்களைத்தான் திட்டுகிறாள் என்று நினைத்து வண்டியை நிறுத்தியிருக்கிறார்கள்.

என் தம்பி ஈஸ்வரன் இதற்கு நேர் எதிர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிறவன். அவள் பேசுவாள், இவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்வான். அவர்கள் குடும்பம் இத்தனை வருஷம் அப்படித்தான் ஓடியது.

அப்படிப்பட்டவன் போன சித்திரையில் ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே, "திருப்பூருக்குப் போயிருவோம் புள்ள" என்றான். கிணறு வறண்டுவிட்டது. மகன் முகேஷ்குமார் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருக்கிறான். அப்பாவுக்கு வாட்ச்மேன் வேலை, அம்மாவுக்குத் துணியில் பிசிறு வெட்டுகிற வேலை, தங்க ஒரு ரூம்பு, எல்லாம் பார்த்துத் தருகிறேன் என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தான். நிலத்தைக் குத்தகைக்கு எடுக்க வேடசந்தூர் சோலைமுத்து தயாராக இருந்தார்.

மணிமேகலை பதில் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. அந்த வீட்டிலிருந்து சத்தம் வராததால் எதிர்வீட்டுப் பேச்சாயி பயந்துபோய், "ஒந்தம்பி பொண்டாட்டிக்கு மேலுக்கு எதுவும் சொகமில்லையா?" என்று என் கடைக்கே வந்து கேட்டாள். சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் என் வீடு, அந்தப் பக்கம் அவள் வீடு. அவள் போய்விட்டால் நான் யாரோடு சண்டை போடுவது என்று நினைத்து அழுகைகூட வந்தது.

ஆடி பிறந்தபோது ஜெஸ்ஸி வந்தாள். திண்டுக்கல்காரி. கல்லூரி ஒன்றில் மழையைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற பெண். ஸ்கூட்டரில் வந்து இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்ற மறந்து அப்படியே வீட்டுக்குள் வந்து, "அக்கா, உங்க வயல்ல ஒரு கம்பம் நட்டுக்கிறட்டுமா?" என்று கேட்டவள். சுற்றிலும் மரமோ கட்டிடமோ இல்லாத இடம் அவளுக்கு வேண்டியிருந்தது. எங்கள் பொட்டலைவிட வேறு இடம் எங்கே கிடைக்கும்?

ஆட்கள் வந்து இரும்புக் கம்பத்தை நட்டார்கள். உச்சியில் மூன்று கை. ஒரு கையில் காற்றுக்குச் சுற்றுகிற கிண்ணங்கள், ஒரு கையில் சூரிய ஒளித் தகடு, ஒரு கையில் மழை அளக்கிற குவளை. கீழே மண்ணைத் தோண்டி எதையோ புதைத்து மூடினார்கள்.

"இது எதுக்கு பாப்பா?" என்று மணிமேகலை கேட்டாள்.

"இப்ப இந்த எடத்துல காத்து எப்படி, சூடு எப்படி, மண்ணு எப்படின்னு இது எழுதி அனுப்பும்க்கா. அத நாங்க கம்ப்யூட்டருக்குக் கொடுப்போம். கடல் எம்புட்டுச் சூடா இருக்குங்கறதையும் கொடுப்போம். இன்னைக்கு ஒலகம் இப்படி இருக்கு, இதுலேர்ந்து கெளம்பினா ஐப்பசி கார்த்திகை எப்படி இருக்கும்னு அது கணக்குப் போட்டுப் பாக்கும். ஆரம்பம் சரியா இருந்தாத்தான் கணக்கு சரியாப் போகும். அதனால மேல இருக்கற எதையும் யாரும் தொட்டுறாதீங்க."

வரப்பில் உட்கார்ந்திருந்த ஈஸ்வரன் அப்போது தொண்டையைச் செருமினான். நாங்கள் எல்லோரும் திரும்பினோம்.

"அப்ப அதையே கேட்டுருவோம்" என்றான். "மழை உண்டுன்னு சொன்னா இருப்போம். இல்லைன்னா திருப்பூரு."

மணிமேகலை அவனை மேலும் கீழும் பார்த்தாள். "பேச்சு மாறக் கூடாது."

"மாற மாட்டேன்."

"மதினி, நீங்க சாட்சி" என்று என் கையைப் பிடித்து இழுத்து, அவன் கையில் ஓங்கி அடித்துச் சத்தியம் வாங்கினாள். ஜெஸ்ஸி பதறிப்போய், பருவத்துக்குச் சொல்கிற கணக்கு அப்படி உறுதியானது இல்லை, வாய்ப்பு கூடக் குறைய என்றுதான் சொல்ல முடியும் என்று என்னென்னவோ விளக்கினாள். யார் காதிலும் ஏறவில்லை. மணிமேகலை பல நாளைக்குப் பிறகு சிரித்துக்கொண்டிருந்தாள்.

இனி எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் மாரியம்மன் திருவிழா என்றால் முதலில் கம்பம் நடுவார்கள். மூன்று கிளை விட்ட மரத்தை வெட்டி வந்து கோயில் முன்னால் நட்டு வைப்பார்கள். திருவிழா முடிகிற வரைக்கும் பெண்கள் மஞ்சளும் வேப்பிலையும் போட்டுக் குடம் குடமாக அதற்குத் தண்ணீர் ஊற்றுவோம். கம்பம் குளிர்ந்தால் ஆத்தா குளிர்வாள், ஆத்தா குளிர்ந்தால் மழை இறங்கும். ஆனால் இந்த வருஷம் எங்கள் ஊரில் திருவிழாவே இல்லை. முதல் மரியாதை யாருக்கு என்று ஆண்பிள்ளைகள் இரண்டு கட்சியாக நின்று சட்டையைக் கிழித்துக்கொண்டார்கள், போலீஸ் வந்து நிறுத்தி வைத்துவிட்டது. கிழிந்த சட்டைகள் என் கடைக்குத்தான் வந்தன. தைத்துக் கொடுக்க மாட்டேன் என்று திருப்பி அனுப்பினேன்.

இந்த நிலைமையில்தான் பேச்சாயி மணிமேகலையின் வயலுக்கு வந்து கம்பத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"மூணு கெளை" என்றாள்.

"அது மெஷினு அக்கா" என்றாள் மணிமேகலை.

"மெஷினுன்னு எனக்குந்தான் தெரியும். ஆயுதபூசைக்கு லாரிக்குப் பொட்டு வைக்கிறோம், மாலை போடுறோம். அது என்ன சாமியா? இது மழையப் பாக்கறதுக்குன்னே நட்ட கம்பம். ஆடிச் செவ்வா அதுவுமா இப்படிக் காஞ்சுபோய் நிக்குது. எனக்கு மனசு கேக்கல."

மணிமேகலைக்கும் மனசு கேட்கவில்லை. அவள் திருப்பூர் போவதும் போகாததும் இந்தக் கம்பம் சொல்லப்போவதில் இருந்தது. ஆனால் கொடுத்த வாக்கில் அவள் கறார். "மேல எதையும் தொடக் கூடாதுன்னு பாப்பா சொல்லிருச்சு. காலடியில மட்டும் ஊத்துவோம்" என்றாள்.

அப்படியே செய்தோம். ஒரு சொட்டு மேலே தெறிக்கவிடவில்லை. குழாயில் வருகிற காவிரித் தண்ணீரை வீட்டுக்குக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, செவ்வாயும் வெள்ளியும் ஆளுக்கு ஒரு குடமாக எடுத்துப்போய்க் கம்பத்தின் காலடியில் அடக்கமாக ஊற்றினோம். பிறகு கும்மியடித்தோம். என் முழங்கால் வலியை யாரோ தூக்கிக்கொண்டு போனமாதிரி இருந்தது. மணிமேகலை பாட்டெடுத்துக் கொடுப்பாள், அதில் மேகத்தைத் திட்டுகிற வரியும் உண்டு. பேச்சாயி சிரித்துச் சிரித்து அடியைத் தவறவிடுவாள். வாரத்தில் அந்த இரண்டு நாளும் கடையை மூடிவிட்டுப் போனேன். கேட்டவர்களிடம் ஊசி உடைந்துவிட்டது என்றேன்.

மாதம் ஒருமுறை ஜெஸ்ஸி வருவாள். வருகிற தேதியைப் போனில் சொல்லிவிடுவாள். படித்த பிள்ளை, அதுவும் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பிள்ளை, பார்த்தால் சங்கடப்படும் என்று நாங்கள் முன்கூட்டியே மஞ்சளைத் துடைத்து, வேப்பிலையைப் பொறுக்கி, மேல்மண் காயவிட்டு வைப்போம். அவள் வந்து பார்த்து, "எல்லாத்தையும்விட உங்க கம்பந்தான்க்கா பளிச்சுன்னு இருக்கு" என்று நெகிழ்ந்துபோவாள். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நிற்போம்.

ஆவணி கடைசியில் அவள் சொல்லாமல் கொள்ளாமல் வந்தாள். ஸ்கூட்டரின் முன்னால் பெரிய பிரியாணிப் பொட்டலம். புரட்டாசி பிறக்க இன்னும் நாள் இருந்ததால் எங்களுக்கும் தடை இல்லை. வாசலிலேயே மணிமேகலையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு குதித்தாள்.

"அக்கா, ஒரே கணக்கத்தான் ஆரம்பத்தக் கொஞ்சங்கொஞ்சம் மாத்தி மாத்திப் பல தடவ ஓடவிடுவோம். பட்டியத் தெறந்துவிட்ட ஆட்ட வேடிக்க பாக்கற மாதிரி. ஆளுக்கொரு பக்கமா ஓடுச்சுன்னா ஒண்ணுஞ் சொல்ல முடியாதுன்னு அர்த்தம். மண்ணச் சேக்காம ஓட்டுனப்ப அப்படித்தான் செதறி ஓடுச்சு. உங்க வயல் மண்ணச் சேத்து ஓட்டுனேன், அம்புட்டும் ஒரே பக்கமா ஓடுது. மழைப் பக்கம்."

மணிமேகலை போட்ட சத்தத்தில் பேச்சாயி வீட்டுக் கோழிகள் கூரையேறின. ஜெஸ்ஸியைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். என்னைத் தூக்கப் பார்த்து முடியாமல் விட்டாள். மகனுக்குப் போன் போட்டு, "ஏலே, ரூம்பு பாக்காத, நாங்க வரல, கம்ப்யூட்டரே சொல்லிருச்சு" என்றாள். பிரியாணியைத் தெருவில் எல்லோருக்கும் ஆளுக்கொரு கை கொடுத்தோம். ஈஸ்வரன் மட்டும் கிணற்றடிக்குப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு துண்டால் முகத்தைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். பாவம், திருப்பூர் ஆசை போய்விட்டது என்று நினைத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஆத்தாவுக்கு நன்றி சொல்ல வேண்டாமா? வழக்கத்தைவிட அதிகம் பேர் வந்தார்கள். குலவை போட்டுக்கொண்டு நிறைகுடத்தோடு போனோம். கம்பத்தின் காலடி சேறாகிவிட்டது. கும்மி உச்சத்தில் இருந்தபோது பேச்சாயி சட்டென்று நின்றாள். அவள் நின்றதால் நான் அவள்மேல் மோதினேன். வரப்பில் ஜெஸ்ஸி நின்றுகொண்டிருந்தாள், தலையில் ஹெல்மெட்டோடு, கையில் மாற்ற வேண்டிய பேட்டரியோடு.

"என்னக்கா பண்றீங்க?"

"நன்றி சொல்றோம் பாப்பா" என்றாள் மணிமேகலை. முகமெல்லாம் மஞ்சள்.

"எம்புட்டு நாளா?"

"ஆடியிலேர்ந்து. ஆனா மேல தொடவே இல்ல. சத்தியமா. அடியில மட்டுந்தான்."

ஜெஸ்ஸி அப்படியே வரப்பில் உட்கார்ந்து ஹெல்மெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அழுகிறாள் என்று ஓடினோம். கண்ணில் தண்ணீர் இருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு அடங்கவே இல்லை. எங்களுக்கும் என்ன ஏது என்று தெரியாமலே சிரிப்பு வந்துவிட்டது.

"மண்ணு ஈரத்தப் பாக்கறதே அடியிலதான்க்கா பொதச்சிருக்கு" என்றாள் கடைசியில். "மேல தொடாதீங்கன்னு சொன்னேன். கீழ தண்ணி ஊத்தாதீங்கன்னு சொல்லணும்னு எனக்குத் தோணவே இல்ல. வேற ஊருகள்ல நட்டதுல பாதிய எலி கடிச்சுருச்சு, மீதி சிக்னல் கெடைக்காம செத்துப்போச்சு. உங்க கம்பம் ஒண்ணுதான் உருப்படியாப் பேசிட்டு இருந்துச்சு. அது சொன்னத வச்சு, இந்தச் சீமையே நனஞ்சு கெடக்குன்னு கம்ப்யூட்டர் நெனச்சுருச்சு. மழைக் குவளையில ஒண்ணும் இல்லாம மண்ணு மட்டும் எப்படி நனையும்னு நானாவது யோசிச்சிருக்கணும். கெணத்துத் தண்ணி பாய்ச்சுறாங்கன்னு நெனச்சுட்டேன்."

"எங்க கெணத்துல தண்ணியா?" என்று பேச்சாயி கேட்டாள். மறுபடி எல்லோரும் சிரித்தோம்.

மணிமேகலைதான் முதலில் நிறுத்தினாள். அவளுக்கு விஷயம் உறைத்துவிட்டது. "ஏம் பாப்பா, ஆரம்பத்துல செத்த ஈரம் கூட இருந்தா, ஐப்பசி கார்த்திகை வரைக்குமா மாறிப்போகும்?"

"நீங்க தயிருக்கு உறை ஊத்துவீங்கள்ல. பாலு ஒண்ணுதான். புளிச்ச மோர ஊத்தினா?"

"விடியறதுக்குள்ள தயிரு புளிக்கும்."

"நல்ல மோர ஊத்தினா?"

"விடிஞ்சா இனிக்கும். ஆனா ரெண்டு நா வச்சிருந்தா அதுவும் புளிக்கத்தான் செய்யும். வெயிலு சும்மா விடுமா?"

"அம்புட்டுத்தான்க்கா. மண்ணு ஈரமா இருந்தா வெயிலு அதக் காய வைக்கறதுலேயே செலவாகும். காத்துல ஈரம் ஏறும், சூடு கொறயும். மொத மாசம் ஒண்ற மாசம் அதோட பேச்சுத்தான். போகப்போக அது அடங்கி, கடல் சூடு பேச ஆரம்பிச்சிரும். நான் ஊத்துன உறையே தப்பா இருந்தா முன்பாதிக் கணக்கு பூராத் தப்பு. மண்ணு காயட்டும். அதோட உண்மையான நெலமைய வச்சு மறுபடி ஓட்டிப் பாக்கறேன்."

மறுபடி ஓட்டிப் பார்த்து மழை இல்லை என்று வந்தால் மணிமேகலை திருப்பூர் போக வேண்டும். அவள் நினைத்திருந்தால் அன்றைக்கே வாயை மூடிக்கொண்டிருக்கலாம். முதல் கணக்கைச் சொல்லி ஈஸ்வரனைக் கட்டிப்போட்டிருக்கலாம். நானே அதைத்தான் அவள் காதில் சொன்னேன். அவள் என்னை முறைத்துவிட்டு நேராக வீட்டுக்குப் போய், "இந்தாங்க, அந்த மழை நாங்க கொடத்துல ஊத்துனதாம். கம்ப்யூட்டருகிட்டத் திரும்பக் கேக்கப் போறாக. மண்ணு ஈரமா இருந்தாத்தான் மழைன்னு சொல்லுமாம். இப்ப காயப் போட்ருக்கோம்" என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டாள்.

ஈஸ்வரன் துண்டைத் தேடினான். "சரி, கேக்கட்டும்" என்றான்.

மணிமேகலை தானே முள் வெட்டி வந்து கம்பத்தைச் சுற்றி வேலி போட்டாள். பேச்சாயி அந்தப் பக்கம் போனாலே, "எங்கிட்டு?" என்று குரல் வரும். பிறகு வீட்டுக்குள் போய் மறுபடி சத்தமில்லாமல் இருப்பாள். பெட்டியில் துணி அடுக்குகிற சத்தம் மட்டும் கேட்கும். புரட்டாசி வெயிலில் மண் காய எத்தனை நாளாகும்?

காயவில்லை. ஜெஸ்ஸி போன் செய்தாள். "அக்கா, மழையும் இல்ல. ஆனா ஈரம் தெனமும் ஏறுது. மத்தியானமானா ஏறுது. நீங்க ஊத்தலதான?"

மணிமேகலைக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. "என்னையவா கேக்குற? வேலி போட்டவளையா?" என்று கத்தியவள், போனை வைக்காமலே பேச்சாயி வீட்டு வாசலில் போய் நின்றாள். பேச்சாயி சூடத்தை ஏற்றி அதன்மேல் கை வைத்து, தான் ஊற்றவில்லை என்று சத்தியம் செய்தாள். செய்துவிட்டு, தன்னைச் சந்தேகப்பட்டதற்காக ஆத்தாவிடம் மணிமேகலையைப் பற்றிக் கொஞ்சம் புகாரும் சொன்னாள். ஜெஸ்ஸி எல்லாவற்றையும் போனில் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மத்தியானம் நாங்கள் நாலு பேரும் வயலோரத்தில் இருந்த சோளத்தட்டை அடுக்கிய படப்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்டோம். மணிமேகலை, பேச்சாயி, நான், திண்டுக்கல்லிலிருந்து கிளம்பி வந்த ஜெஸ்ஸி. படப்புத் தூசி மூக்கில் ஏறிப் பேச்சாயிக்குத் தும்மல் வந்தது. நான் அவள் மூக்கைப் பிடித்தேன். அவளுக்கு இருமல் வந்தது. ஜெஸ்ஸி சிரிப்பை அடக்க முடியாமல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். இந்த வயதில் அப்படி ஒளிந்து விளையாடியதில் எனக்கு வந்த குஷியை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. முன்னால் மணிமேகலை கையில் முள்கழியோடு, அசையாமல் குந்தியிருந்தாள்.

மொபெட் சத்தம் கேட்டது. இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் குடம் கட்டிய மொபெட். வேடசந்தூரில் சோலைமுத்துவிடம் குத்தகை பேசப் போகிறேன் என்று தினமும் மத்தியானம் கிளம்பிப் போகிற என் தம்பி ஈஸ்வரன் அதிலிருந்து இறங்கினான்.

செருப்பைக் கழற்றினான். முள்வேலியை ஒரு பக்கம் பக்குவமாக விலக்கினான். ஒரு குடத்தை எடுத்துப்போய்க் கம்பத்தின் காலடியில், மேலே தெறிக்காமல், நிதானமாக ஊற்றினான். ஊற்றிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டான். கல்யாணத்தில்கூட ஐயர் மூன்று முறை கேட்ட பிறகு வாய் திறந்தவன், அங்கே பேசினான்.

"ஆத்தா, மழை கொடுக்கறது ஓம் பாடு. அத நா கேக்கல. அந்தக் கம்ப்யூட்டரு மட்டும் மனசு மாறக் கூடாது. மழை உண்டுன்னு அது சொல்லிட்டாப் போதும். திருப்பூர்ல ஒத்த ரூம்பு. அங்கன போனா இவ சிரிக்க மாட்டா. சிரிச்சாலும் பக்கத்து வீட்டுக்காரன் சண்டைக்கு வருவான்."

மணிமேகலை எழுந்து நின்றாள். படப்பு சரிந்து எங்கள் மூவர்மேலும் விழுந்தது. நாங்கள் தட்டையிலிருந்து தலையை வெளியே எடுத்தபோது அவள் அவனுக்கு எதிரில் போய் நின்றிருந்தாள்.

"அப்ப போகணும்னு சொன்னது?"

ஈஸ்வரன் துண்டைத் தேடினான். மொபெட்டில் விட்டிருந்தான். வேறு வழியில்லாமல் பேசினான். "குழாயடிக்கும் வீட்டுக்கும் நீ கொடத்தத் தூக்கிட்டு அலையிறதப் பாக்கச் சகிக்கல. அங்க போனா ஒனக்குக் காலுக்கு ஓய்வா இருக்கும்னு சொன்னேன். எனக்கு எங்க போகணும்னு இருக்கு?"

"இத அன்னைக்கே வாயத் தெறந்து சொல்றதுக்கு என்ன?"

"நீ எங்க பேச விட்ட?"

பேச்சாயிதான் முதலில் வெடித்துச் சிரித்தாள். சித்திரையிலிருந்து இந்த இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்றுகொண்டு, அது தெரியாமல், ஒரு இரும்புக் கம்பத்தைத் தீர்ப்புச் சொல்ல வைத்திருக்கிறார்கள். எனக்கு அவர்கள் மேல் கோபமாக வந்தது, இரண்டு பேரையும் கட்டிப்பிடித்துக்கொள்ளவும் தோன்றியது. மணிமேகலை மொபெட்டுக்குப் போனாள், இரண்டாவது குடத்தை அவிழ்த்தாள், தூக்கிவந்து அவன் தலைமேல் ஊற்ற ஓங்கினாள்.

"அக்கா, அக்கா" என்று ஜெஸ்ஸி தட்டைக்குள்ளிருந்து கத்தினாள். "அண்ணன நாலடி தள்ளி நிறுத்தி ஊத்துங்க. மண்ணு நனையுது."

ஈஸ்வரன் சொன்னபடி கேட்டுத் தள்ளிப்போய் நின்றான். முழுக் குடத்தையும் ஊற்றினாள். பேச்சாயி குலவை போட்டாள். அவன் தலையிலிருந்து தண்ணீர் வழிய, மணிமேகலை சிரித்த சிரிப்பில் ரோட்டில் போன பேருந்தில் இருந்தவர்கள் எல்லோரும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு யாரும் ஊற்றவில்லை. மண் ஒழுங்காகக் காய்ந்தது. ஜெஸ்ஸி கணக்கை மறுபடி ஓட்டினாள். அவள் சொன்ன சேதி வந்தபோது நான் மணிமேகலையோடு வயலில் இருந்தேன். ஈஸ்வரன் வாடகை டிராக்டரில் உழுதுபோட்ட புழுதியில் உழவுச் சால் பார்த்துக்கொண்டு, இடுப்பில் துண்டைக் கட்டி நின்றிருந்தான். மணிமேகலை போனைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு அவனிடம் போனாள்.

"பாப்பா பேசுச்சு" என்றாள்.

"என்னாங்குது?"

"ஆடு ஆளுக்கொரு பக்கமா ஓடுதாம். மழை உண்டுன்னும் சொல்ல முடியாதாம், இல்லைன்னும் சொல்ல முடியாதாம்." முகத்தை அழுத்தமாக வைத்துக்கொண்டு, "இப்ப என்ன செய்ய, திருப்பூருக்குக் கெளம்புவோமா?" என்று கேட்டாள்.

அவன் வானத்தைப் பார்க்கவில்லை, கம்பத்தையும் பார்க்கவில்லை. கையை மட்டும் அவள் பக்கம் நீட்டினான்.

"அந்த வெதச்சோள வாளிய எடு புள்ள" என்றான்.